துப்பாக்கி உரிமை கேட்கும் தம்பிகளுக்கு

போன மாதம் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு சேரியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "எங்ககிட்டயும் துப்பாக்கி இருந்தா தெருவுக்குள்ள வருவானுங்களாக்கா?" அமெரிக்கா மாதிரி ஆயுத உரிமையை நம் அரசமைப்பிலும் எழுத வேண்டுமாம். அவன் கோபத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கேட்கிற இடம்தான் தப்பு.

அந்தக் கதவு 1948-லேயே சாத்தப்பட்டது. ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்கச் சொல்லி எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலேயே இருந்த கோரிக்கைதான். அதை எதிர்த்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். திருத்தம் தோற்றது. இன்று சேர்க்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சரி, கிடைத்தேவிட்டது என்று வையுங்கள். நிலமும் பணமும் உள்ளவன் நாலு துப்பாக்கி வாங்குவான். நூறுநாள் வேலைக் கூலி எப்போது வரும் என்று பார்த்திருக்கிற நாம்?

கையில் இருப்பதையே நாம் படிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 3(1). வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, ஆயுதத்தை அரசுக் கிடங்கில் வைக்கச் செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்களின் உரிமத்தையும் சேர்த்து. நம் மக்களுக்கு உரிமம் கொடுக்கவும் அதே விதியில் இடம் இருக்கிறது.

"தேவைப்பட்டால்." எல்லாம் இந்த ஒரு சொல்லில் மாட்டிக் கிடக்கிறது. தேவையா என்று முடிவு செய்வது அரசாங்கம். உரிமம் கேட்டு மனுப் போட்டால் விசாரித்து அறிக்கை எழுதுவது போலீஸ். 2011-ல் இதே வட்டாரத்தில், தி.மண்டபம் இருளர் பெண்கள் நான்கு பேர் போலீஸ்காரர்கள் மீதே பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். அப்படி ஒரு குடும்பம் பாதுகாப்புக்குத் துப்பாக்கி கேட்டால், அறிக்கை எழுத யார் வருவார்?

அதனால் உரிமம் ரத்துதான் எனக்கு முதல் கோரிக்கை. நமக்குத் துப்பாக்கி என்பது அப்புறம். கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்யக் காட்டுகிற வேகத்தை, கீழே ஊர்த்தெருவில் உரிமத்தோடு மாட்டியிருக்கிற துப்பாக்கிகளிடமும் காட்டட்டும்.

கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாவட்டத்தில் எத்தனை உரிமம், வன்கொடுமை வழக்குக்குப் பிறகு ரத்தானது எத்தனை என்று அங்கே கேட்போம். தகவல் உரிமை மனுவை அந்தத் தம்பியே எழுதிக்கொண்டிருக்கிறான். கையெழுத்துப் போட வாருங்கள்.