அப்பா, ஆடு, ஐந்நூறு மைல்

பி.காம். படித்தவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுங்கள். கோடு போட்ட நோட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

கிளாஸ்கோவிலிருந்து என் தங்கை போன் செய்தபோதும் அதுதான் நடந்தது. "அண்ணா, அடுத்த ஜூன்ல எல்லாரும் கிளம்பி வாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஸ்காட்லாந்தோட வடக்கு முனை வரைக்கும் கார்லயே ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். மலை, கடல், ரோடு... சினிமா மாதிரி இருக்கும்" என்றாள்.

போனை வைத்த கையோடு நோட்டைத் திறந்தேன். வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரவுப் பக்கம் என்பது சும்மா அழகுக்கு!

அந்தச் சாலைக்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர். சாலை புதுசு இல்லை. ஏற்கெனவே இருந்த சாலைகளை ஒன்றாகக் கோத்து 2015-ல் பெயர் மட்டும் புதுசாக வைத்தார்கள். இன்வர்னெஸ் என்ற ஊரின் கோட்டையில் கிளம்பி, மேற்கு, வடக்கு, கிழக்குக் கடற்கரைகளைத் தொட்டுக்கொண்டு மறுபடி அதே கோட்டைக்கு வந்து சேர வேண்டும். 500 என்று பெயர் வைத்துவிட்டு மொத்தம் 516 மைல் ஓட்டச் சொல்கிறார்கள். மிச்சம் 16 மைல் எந்தக் கணக்கில் வருகிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

516 மைல் என்றால் 830 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பிக் கோவில்பட்டி வரைக்கும் வருகிற தூரம். "மூணு நாள் போதும்" என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

"மூணு நாளா? யாருடா சொன்னது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்காரர். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். அரசு பஸ்ஸில் சேருவதற்கு முன்னால் நாமக்கல் பக்கம் தனியார் பஸ்ஸில் கொல்லிமலை ஏறி இறங்கியவர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்தில்கூட வரிசையாகச் சொல்வார். இப்போது எழுபத்திரண்டு வயது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். "பார்வை சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சு. சந்தேகம் வந்தவன் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது" என்பது அவர் கட்சி.

அவரிடம் ரூட்டைக் காட்டினேன். பாதி இடங்களில் சாலை ஒரே ஒரு கார் அகலம்தான். அங்கங்கே மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும். எதிரில் வண்டி வந்தால், தொப்பை உங்கள் இடது பக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே நின்று, வருகிறவரை அதில் ஒதுங்கவிட வேண்டும். அங்கே காரை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கிறவர்களை உள்ளூர்க்காரர்கள் மனசுக்குள் என்ன திட்டுவார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"மலை ரோட்டுல முதல் உரிமை யாருக்கு?" என்றார் அப்பா.

"ஏறி வர்ற வண்டிக்கு வழிவிடணும்னு போட்டிருக்குப்பா."

"அப்ப நம்ம ஆளுங்கதான்!" ஒரே வரியில் ஸ்காட்லாந்துக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டார். "பின்னாடி எவனாவது வந்தா?"

"அவனுக்கும் ஒதுங்கி வழி விடணும்."

"விடத்தான் வேணும். அவன் வேலைக்குப் போறவனா இருப்பான், ஆஸ்பத்திரிக்குப் போறவனா இருப்பான். நாமதான் வேடிக்கை பார்க்க வந்தவங்க."

இந்த ஒரு வாக்கியத்தை அந்த ஊர் நுழைவாயிலில் எழுதி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் புதுப் பெயர் வந்த பிறகு கூட்டமும் வந்துவிட்டது. 516 மைலையும் பந்தயம் மாதிரி ஓட்டி முடிக்கிறவர்களும், வீடு மாதிரி வண்டியைக் கொண்டுவந்து வளைவில் திணறுகிறவர்களும் அங்கே வாழ்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி.

இந்த ரோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1969 ஜூலையில் இசைக் குழு 'பீட்டில்ஸ்' புகழ் ஜான் லெனன், மனைவி குழந்தைகளோடு இந்தப் பக்கம் காரில் வந்தார். சின்ன வயதில் விடுமுறைக்கு வந்துபோன ஊர் என்று பாசம். எரிபோல் என்ற கடல் கழிமுகத்துக்குப் பக்கத்தில் கார் சாலையைவிட்டு இறங்கிவிட்டது. அவர் முகத்தில் 17 தையல்!

"பாடுறவன் பாட்டு பாடணும். வண்டியை டிரைவர்கிட்ட விடணும்" என்று தீர்ப்பு சொன்னார் அப்பா.

இந்த வழியில் உச்சக்கட்டம், 'பியாலக் நா பா' என்கிற மலைக் கணவாய். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று அர்த்தம். ஒரு காலத்தில் மாடு ஓட்டிக்கொண்டு போன வழி. 1822-ல் சாலை போட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிறது. 1970-களில் கடற்கரையோரமாக இன்னொரு சாலை வரும்வரை ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குச் சாலை என்றால் இது ஒன்றுதான். பனி விழுந்தால் ஊரே துண்டாகிவிடும். அடிவாரத்தில், புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் வர வேண்டாம், பெரிய வண்டிகள் வர வேண்டாம் என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே... பேரன் பிறந்தபோது பார்த்தது. "ஏறுறது எவன் வேணா ஏறிடுவான்டா. இறங்கும்போதுதான் டிரைவர் யாருன்னு தெரியும்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு படமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். "ரோடு இருக்கு, மலை இருக்கு, ஆடு இருக்கு. ஊர் எங்கடா? இங்கெல்லாம் கடைசி பஸ் எங்க ஹால்ட்?"

பஸ் டிரைவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ராத்திரி கடைசி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனால், கடைக்கோடி கிராமத்தில்தான் அவருக்குப் படுக்கை. பஸ் ஸீட்டிலேயே தூங்கி, விடியற்காலையில் அந்த ஊர் டீயைக் குடித்துவிட்டு முதல் சிங்கிள் எடுப்பார். ஊர் இல்லாத ரோடு அவர் அகராதியிலேயே கிடையாது.

நான் தேடிப் பார்த்தேன். ஊர் இருந்திருக்கிறது. ஆட்களைத்தான் கிளப்பிவிட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த மலைப் பகுதியின் நிலச்சொந்தக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். குடியானவன் கொடுக்கும் குத்தகையைவிட, ஆடு வளர்க்கிற பெரிய பண்ணைக்காரன் கொடுக்கும் குத்தகை அதிகம். கம்பளிக்கு நல்ல விலை. அவ்வளவுதான். மனிதர்களைச் செலவுப் பக்கத்தில் எழுதி, ஆட்டை வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். என்னைப் போல ஒரு கணக்குக்காரன்தான் எழுதியிருப்பான்!

1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் திரும்ப வந்து குடியேற முடியாதபடி வீட்டுக் கூரைகளைக் கொளுத்தினார்கள். பேட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் அதிகாரிமீது 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். எஸ்டேட் முதலாளியான சதர்லாந்து பிரபுவுக்கோ கோல்ஸ்பி ஊருக்கு மேலே மலை உச்சியில் பெரிய சிலை. இன்றைக்கும் நிற்கிறது. நாம் போகிற ரோட்டிலிருந்தே பார்க்கலாம்.

அதே கிழக்குக் கரையில் பாட்பே என்று ஓர் இடம். விரட்டப்பட்டவர்கள் கடலோரப் பாறை விளிம்பில் வந்து குடியேறிய கிராமம். காற்று அடிக்கிற வேகத்தில் பாறையிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்று ஆடு மாடுகளோடு குழந்தைகளையும் கயிற்றில் கட்டிவைப்பார்கள் என்று சொல்கிறார்கள். கடைசி ஆள் 1911-ல் கிளம்பிப் போனார். இப்போது இடிந்த சுவர்கள்தான் இருக்கின்றன.

இதைச் சொன்னபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆட்டைக் கட்டிப் பார்த்திருக்கேன். புள்ளைங்களை..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

பேச்சை மாற்ற இன்னொரு படத்தைக் காட்டினேன். இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கே, ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் மூன்று வளைவு வாசல்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து ஒரு கோட்டையைப் பிடித்த தளபதி. அந்தக் கோட்டை வாசல் மாதிரியே ஊரில் கட்டச் சொன்னாராம். எந்த ஊர்க் கோட்டை தெரியுமா?

நாகப்பட்டினம்!

உள்ளூரில் பிழைப்பில்லாதவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் அதைக் கட்டினார் என்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடாமல் இருக்க, ஏற்றிய கல்லையே மறுபடி கீழே உருட்டிவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. அவ்வளவு இரக்கம்! ஆனால் 1792-ல் இதே வட்டாரத்து ஜனங்கள், தங்கள் பிழைப்பில் மண் போட்ட ஆடுகளையெல்லாம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய் வெளியே விடப் பார்த்தபோது, ராணுவம் வந்து அடக்கியது. அந்தத் தகராறு முளைத்த இடங்களில் மன்றோவின் நிலமும் ஒன்று.

அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பொறந்து வளர்ந்த ஊர். இப்படி ஒரு வாசலை நான் நம்மூர்ல பார்த்ததே இல்லையே? அங்க கொண்டுபோய்க் கட்டி வச்சிருக்கானா? அப்ப போய்த்தான் ஆகணும். நம்மூர் வாசல்ல நாம நுழையாம வேற யாரு நுழையறது?"

ஆசை யாருக்கு இல்லை? நோட்டு இடித்தது. விமான டிக்கெட், விசா, வாடகைக் கார், தங்குமிடம், அப்பாவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ்... கூட்டிப் பார்த்தால் எங்களிடம் இருக்கிற ஒரே ஃபிக்ஸட் டெபாசிட்டில் பாதிக்கு மேல் காலி. எனக்கு பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. இந்தப் பத்தி நின்றுபோனால் அடுத்த மாதம் என்ன என்பதே பெரிய கேள்வி. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். கொஞ்சம் சேர்த்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "அத்தை காசிக்குப் போகணும்னு பத்து வருஷம் சொன்னாங்க. நீங்களும் பத்து வருஷம் பட்ஜெட் போட்டீங்க. அந்த நோட்டு இன்னும் அலமாரியிலதான் இருக்கு. அத்தைதான் இல்ல."

பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. கட்டடத்துக்கு இத்தனை சதவிகிதம், இயந்திரத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று வருஷா வருஷம் கழிப்போம். வீட்டில் இருக்கிற பெரியவர்களின் முழங்காலுக்கும் கண்ணுக்கும் அந்தக் கணக்கைப் போட யாரும் சொல்லித் தரவில்லை. மறுநாள் காலை பாங்க்கில் போய் நின்றேன்.

திட்டத்தைத் திருத்தி எழுதினோம். எழுதினோம் என்றால், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று நாள் இல்லை, எட்டு நாள். ஒரு நாளைக்கு எழுபது மைலுக்கு மேல் கிடையாது. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுவது. அப்போதுதான் முதல் நாளே நாகப்பட்டினத்து வாசல் வரும். குன்றில் ஏற முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் சாலையிலிருந்தே ஒரு கும்பிடு. அப்புறம் பாட்பே. அங்கே மட்டும் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் உட்கார்வது. இது அப்பாவின் கண்டிஷன். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் தூரம் அதிகம் என்பதால், டாங்க் பாதி ஆனதுமே நிரப்பிவிட வேண்டும். கடைசியாக மாடுகளின் கணவாயில் இறக்கம். மழையோ மூடுபனியோ இருந்தால் மறுபேச்சில்லாமல் கடற்கரை ரோடு. "மலைகிட்ட வீம்பு கூடாது" என்றார்.

ஜூனில் வடகோடியில் ராத்திரி பத்தரை மணிக்குத்தான் சூரியன் மறையுமாம். அதனால் இருட்டில் ஓட்டுகிற கவலை இல்லை. 'மிட்ஜ்' என்ற பொடி ஈ படை படையாக வந்து கடிக்குமாம். அதைப் பற்றியும் கவலை இல்லை. நாகப்பட்டினத்துக் கொசுவுக்கே ரத்தம் கொடுத்து வளர்ந்த குடும்பம் இது!

விசா இன்னும் கைக்கு வரவில்லை. போன வாரம் அதற்காக அப்பாவைச் சென்னைக்கு அழைத்துவந்து டாக்ஸியில் கூட்டிப்போனேன். முன் ஸீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரையெல்லாம் ஜன்னலோரம் உட்காரவைத்து ஓட்டியவர், ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மரத்தைக்கூட நிதானமாகப் பார்த்ததில்லை. இப்போதாவது பார்க்கட்டுமே என்று எனக்கு ஆசை.

அண்ணா சாலை சிக்னலில் எட்டிப் பார்த்தேன். அவர் மரத்தையும் பார்க்கவில்லை, கட்டடத்தையும் பார்க்கவில்லை. பார்வை நேர் ரோட்டில். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்லப்பா."

"தெரியும்டா" என்றார் கூச்சமாக. "கால் கேக்க மாட்டேங்குது."

ஆகவே, கிளாஸ்கோவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கு இந்தப் பத்தியின் மூலம் ஓர் அறிவிப்பு: மாப்பிள்ளை, வண்டியை ஓட்டப்போவது நீங்கள்தான். மாடுகளின் கணவாயில் இறங்கும்போது உங்கள் இடது பக்கம் ஒரு கால் பிரேக் மிதித்துக்கொண்டே வரும். பயப்பட வேண்டாம். அது மிதிக்கிற இடத்திலெல்லாம் நீங்களும் மிதித்தீர்களானால், பத்திரமாக ஊர் போய்ச் சேரலாம்.