காடு காக்கும் மாநிலத்துக்கு யார் படியளப்பது?

மாண்புமிகு தமிழ்நாடு நிதி அமைச்சர் அவர்களுக்கு,

காட்டுயிர்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக வனத்துறை அமைச்சருக்கே எழுதுவார்கள். பணத்தின் முடிச்சு உங்கள் கையில் இருப்பதால் நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாசியில் புல் காய்ந்து சருகாகும் முன்பே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி முடித்தாக வேண்டும். வெட்டும் கூலியாட்களும் முகாமில் தங்கி ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் நிரந்தர ஊழியர்கள் அல்லர். புலிகள் காப்பகங்களில் ஆண்டுதோறும் ஆகும் இத்தகைய செலவை ஒன்றிய அரசும் மாநிலமும் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. ஒன்றிய அரசின் பங்கோ, செலவுக் கணக்கைக் காட்டக் காட்டத் தவணையாகத்தான் வருகிறது. தீ அதுவரை பொறுத்திருக்காது.

அடுத்தது, காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்பவர்கள் கட்டும் இழப்பீட்டு நிதி. அதில் 90 விழுக்காடு அந்தந்த மாநிலத்துக்கு என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2019இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் பிரித்தபோது, சுரங்கங்கள் நிறைந்த ஒடிசாவுக்கு மட்டும் 5,900 கோடிக்கு மேல் போனது. காட்டை விட்டுக்கொடுக்காத மாநிலத்துக்கு இந்த வழியில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக் கட்டணம் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு உதவும். பாக் விரிகுடாவில் 2022இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகத்துக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? வரையாட்டுக்கு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம். அதற்குப் பிறகும் வரையாடுகள் அந்தப் புல்வெளிகளில்தான் மேய வேண்டும்.

அமெரிக்காவின் மிசூரி மாநில மக்கள் 1976இல் வாக்களித்து, ஒவ்வொரு டாலர் விற்பனையிலும் சென்ட்டில் எட்டில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கென வரியாக ஏற்றார்கள். இன்றும் கட்டிவருகிறார்கள். ஜிஎஸ்டி வந்தபின் அப்படியொரு விற்பனை வரி போட நமக்கு வழியில்லை. ஆனால் 2025இல் நடைமுறைக்கு வந்த கனிமவள நில வரி நம்முடையது. மலையை உடைப்பதால் வரும் அந்தப் பணத்தில் ஒரு நிலையான பங்கை, ஆண்டு முடிந்தாலும் திரும்பிப் போகாத தனி நிதியாகச் சட்டப்படி ஒதுக்குங்கள். அதிலிருந்து முதல் செலவு காவலர்களின் மாதச் சம்பளமாகவும், மார்கழிக்குள் வெட்டும் தீத்தடுப்புக் கோடுகளாகவும் இருக்கட்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் இந்த ஒரு வரியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் குடிமகன்