தாங்கள் கையெழுத்துப் போட முடியாத மனு

ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு மனு சுற்றியது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே அதில் கையெழுத்திடலாம். குறைந்தது 7,66,200 கையெழுத்துகள் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர்களில் பலருக்கோ பட்டியலில் பெயரே கிடையாது. சிறைக்குப் போய் வந்தவர்கள். தங்கள் மனுவில் தாங்களே கையெழுத்துப் போட முடியாதவர்கள்!

அவர்களை வழிநடத்தியவர் டெஸ்மண்ட் மீட். போதைக்கு அடிமையாகி, சிறை சென்று, வீடின்றித் திரிந்து, 2005இல் தற்கொலை எண்ணத்தோடு தண்டவாளத்தருகே நின்றவர். பிறகு சட்டம் படித்தார். மனைவி தேர்தலில் நின்றபோது அவருக்கு ஓட்டுப் போடக்கூட இவருக்கு உரிமையில்லை.

'கடுங்குற்றம்' என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். முடக்கப்பட்ட உரிமத்தோடு திரும்பத் திரும்ப வண்டி ஓட்டியதும் அங்கே அந்தக் கணக்கில் வரலாம். அடிமைமுறை ஒழிந்த கையோடு, 1868இல் எழுதிய மாநில அரசமைப்பில் இந்தத் தடையை வைத்தார்கள். யாரைக் குறிவைத்து என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 2016 வாக்கில் அங்கே வயதுவந்த கறுப்பின மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓட்டில்லை.

2018 நவம்பரில் 64 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவோடு அந்தத் திருத்தம் வென்றது. கொலை, பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களைத் தவிர, தண்டனை முடித்த மற்றவர்களுக்கு ஓட்டு என்றது. அடுத்த ஆண்டே ஆளுங்கட்சி புதுச் சட்டம் போட்டது: அபராதம், நீதிமன்றக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாம். எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்கவோ வழியில்லை. 2022இல், தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது வழக்கு. அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையை அனுப்பியதே தேர்தல் அலுவலகம்தான்.

இப்போது அந்தத் தொண்டர்களின் வேலையை யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போடுவது கடமை என்று பாடம் நடத்தினால் கதவு சாத்தப்படும். எதிரில் நிற்பவருக்குச் சோம்பல் இல்லை, பயம். ஓட்டுப் போட்டதற்காக மறுபடி உள்ளே போக வேண்டியிருக்குமோ என்ற பயம். 'நானும் உள்ளே இருந்தவன்தான், வாங்க, உங்க பாக்கி எவ்வளவுன்னு சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்ல, அதே வழியில் வந்தவரால்தான் முடியும். பட்டம் பெற்ற நம்மால் முடியாது. இதை ஒப்புக்கொள்ள நமக்குக் கொஞ்சம் வலிக்கும்.

சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுக் கொடுத்த காலத்தில், 1919இல் சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாதோருக்காக வாதாடியவர் அம்பேத்கர். கட்டணம் கட்டினால்தான் ஓட்டு என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல.

இங்கே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி, குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் சிறைக்குள் ஓட்டில்லை. ஆனால் அவர் உள்ளிருந்தபடியே தேர்தலில் நிற்கலாம்! ஜாமீனிலோ தண்டனை முடிந்தோ வெளியே வந்துவிட்டால் ஓட்டு உண்டு, அபராதக் கணக்கு எதுவும் கிடையாது. நம் தெருக்களில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டியல் திருத்தம் நடக்கும்போது ஆறாம் எண் படிவத்தோடு போங்கள். போகும்போது உள்ளே இருந்து வந்த ஒருவரை முன்னால் பேச விடுங்கள்.