நிழலை விடுங்கள், பக்கத்துக் கட்டடத்தைப் பாருங்கள்

போன வாரம் ஒரே வீடியோ மூன்று பேரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. துருக்கியில் திவ்ரீ என்ற ஊர். அங்குள்ள பழைய பெரிய பள்ளிவாசலின் மேற்கு வாசலில், வெயில் சாயும் நேரத்தில், ஒருவர் நின்று தொழுவதுபோல நிழல் விழுகிறது. "அந்தக் காலத்திலேயே என்ன கணக்கு!" என்று கீழே ஒரு வரி.

நிழலோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் நான். ஒரு கட்டடம் என்றால் யார் பெயரில், எந்த வருஷம் என்றுதான் முதலில் தேடுவேன். தேடினால் அங்கே இருப்பது ஒரு கட்டடமல்ல, இரண்டு. 1228-29இல் செல்ஜூக் சுல்தான்களுக்கு அடங்கிய சிற்றரசர் அகமது ஷா பள்ளிவாசலைக் கட்டினார். அதன் தெற்குச் சுவரோடு ஒட்டி, அதே சமயம் எழுந்தது ஒரு மருத்துவமனை. கட்டியவர் துரான் மெலெக் என்ற பெண்மணி. நடுவில் நீர்த்தொட்டி வைத்த கூடம், சுற்றிலும் அறைகள்.

இந்த அம்மாளை அகமது ஷாவின் மனைவி என்றே பலரும் எழுதிவிட்டுப் போகிறார்கள். கல்வெட்டோ இன்னாரின் மகள் என்றுதான் சொல்கிறது: எர்ஸின்ஜானை ஆண்ட பக்ருத்தீன் பெஹ்ராம் ஷாவின் மகள். பதிவேட்டில் இருப்பதை இருக்கிறபடி எழுதுவதில் என்ன சிரமமோ!

இன்னொரு கோபமும் உண்டு. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 1211இல் தொடங்கிய ரேன்ஸ் தேவாலயத்தைப் பற்றி உருகி உருகிப் பாடம் நடத்தினார்கள். அதே தலைமுறையில், அக்லாத் ஊரைச் சேர்ந்த ஹுர்ரெம்ஷா திவ்ரீயில் கல்லில் பூவும் கொடியும் செதுக்கிக் கொண்டிருந்தார். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஐரோப்பிய அறிஞர்கள் பிற்பாடு வந்து மருத்துவமனை வாசலை 'கோதிக்' என்றார்கள், பள்ளிவாசலின் வடக்கு வாசலை 'பரோக்' என்றார்கள். பரோக் பிறக்கவே இன்னும் முந்நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. தாத்தாவுக்குப் பேரன் பெயரை வைத்த கதைதான்.

1985இல் யுனெஸ்கோ மட்டும் ஒழுங்காக 'திவ்ரீ பெரிய பள்ளிவாசலும் மருத்துவமனையும்' என்று இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றியது. நம்மவர்கள் பேச்சில் பின்பாதி உதிர்ந்துவிடுகிறது. தொழும் இடமும் வைத்தியம் பார்க்கும் இடமும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டதுதான் எனக்கு அந்த நிழலைவிடப் பெரிய அதிசயம்.

வீடியோ அனுப்பிய மூவருக்கும் மருத்துவமனை வாசலின் படத்தைப் பதிலாக அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். மற்ற இருவரும் மறுநாள் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்பினார்கள்.