புதுசா ஒரு பழைய வாட்ச்

டியூடர் கம்பெனிக்காரங்க கொஞ்ச வருஷமா ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பண்ணிட்டு இருக்காங்க. 1950கள்ல வந்த தங்களோட டைவிங் வாட்ச் ஒண்ணைப் பரண்லேர்ந்து எடுக்கறது, தூசி தட்டறது, உள்ளே புது மெஷினைப் போட்டு விக்கறது. வாட்ச் சேகரிக்கிற ஜனமும் ஆசையா வாங்குது. இதுல எது சரக்கு, எது பம்மாத்துன்னு என் கருத்தைச் சொல்லிடறேன். அப்புறமா நீங்க திட்டலாம் :-)

முன்கதைச் சுருக்கம்: ரோலெக்ஸை ஆரம்பிச்ச ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபோட இன்னொரு பிள்ளைதான் டியூடர். ரோலெக்ஸ் அளவுக்கு நம்பகம், ஆனா விலை கம்மி. இதுதான் ஐடியா. 1954-ல முதல் டியூடர் சப்மரைனர். 1958-ல 200 மீட்டர் ஆழம் தாங்கற மாடல். பிரெஞ்சுக் கடற்படை தன்னோட முக்குளிப்பு வீரர்களுக்கு டியூடரை வாங்கிக் கொடுத்துச்சு. அதாவது அன்னைக்கு இது நகை இல்லீங்க, ஸ்பேனர் மாதிரி ஒரு கருவி.

இப்போ வரிசையைப் பாருங்க. 2012-ல பிளாக் பே, 41 மி.மீ. 2018-ல பிளாக் பே 58, 39 மி.மீ. 2023-ல பிளாக் பே 54, 37 மி.மீ. பேர்ல இருக்கற வருஷம் பின்னாடி போகப் போக, வாட்சும் சின்னதாகிட்டே வருது!

இந்த விஷயத்துல நான் டியூடர் கட்சி. 37 மி.மீ. சட்டைக் கைக்குள்ள அடங்கும், ஒல்லிக் கையிலயும் தாம்பாளம் மாதிரி தெரியாது. மெஷினும் இந்தக் காலத்துது. சாவி முழுசா ஏறியிருந்தா 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கழட்டி வெச்சா திங்கக்கிழமை காலையிலயும் ஓடிட்டே இருக்கும். உள்ளே இருக்கற சுருள்வில் சிலிக்கான், அதனால காந்தத்துக்கு அசையாது. பழசுல எது நல்லதோ அதை எடுத்துக்கிட்டு, எது தொல்லையோ அதை மாத்தியிருக்காங்க. இதுக்குப் பேர்தான் நல்ல இன்ஜினியரிங்.

பிரச்சினை வேற இடத்துல இருக்கு.

அந்தக் காலத்து வாட்ச்ல இருட்டுல ஒளிரும் புள்ளிகள் பல வருஷம் கழிச்சுதான் பழுத்து மஞ்சளாச்சு. 2012 பிளாக் பேல அந்தப் பழுப்பைக் கடையிலயே பூசிக் கொடுத்தாங்க. அடுத்தது பட்டை. பழைய உலோகப் பட்டையில ரிவெட் இருந்ததுக்குக் காரணம், அதுதான் கண்ணிகளைப் பிடிச்சு நிறுத்துச்சு. 58-ல கண்ணிகள் கெட்டி உலோகம். ரிவெட் தலைகள் சும்மா அலங்காரம், எதையும் பிடிக்கல. புரோகிராம்ல யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் மாதிரி!

'நிஜப் பழசு கொள்ளை விலை, தண்ணியில போட பயமா இருக்கு, அந்த அழகு எங்களுக்கும் வேணாமா?'ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா அந்த அழகுக்குப் பொய் வயசு தேவையில்லைங்கறதுக்கு சாட்சியே டியூடர்தான். 2020-ல அதே 58-ஐ நீலத்துல விட்டாங்க. பழுப்பு இல்ல, தங்கப் பூச்சு இல்ல, பளிச்சுனு வெள்ளைப் புள்ளிகள். ரிவெட்டை மட்டும் விடல. இருந்தாலும் எனக்கு வரிசையிலேயே அழகு அதுதான்.

ஒரு பிரெஞ்சு வீரனோட வாட்ச்ல இருக்கற கீறல், அவன் எந்தக் கப்பல் அடியிலயோ உரசினது. சேகரிக்கிறவங்க அதுக்குத்தான் காசு கொடுக்கறாங்க. அதைத் தொழிற்சாலையில செஞ்சு மூவாயிரம் டாலருக்கு மேல வித்தா, நம்ம கீறலுக்கு அங்க என்ன மரியாதை? ஏற்கனவே வயசான முகத்துல நம்ம வயசு எப்படித் தெரியும்?

ஒண்ணு யோசிங்க. 1954-ல அந்த சப்மரைனர் 'பழைய ஸ்டைல்'னு சொல்லிட்டு வரல. அந்த வருஷத்துக்குப் புத்தம் புது சரக்கு. அதைக் காப்பி அடிக்கணும்னா அந்தத் தைரியத்தைத்தான் முதல்ல காப்பி அடிக்கணும்.

அளவைக் கொடுங்க, முகவெட்டைக் கொடுங்க, சந்தோஷம். வயசை மட்டும் நாங்களே ஏத்திக்கறோம்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?