எவருடைய தாய்மொழியும் அல்லாத பாடல்

கத்தோலிக்கத் தேவாலயங்களில் இலத்தீன் வழிபாடு வழக்கொழிந்தமைக்காக இன்று பெரும்பாலோர் வருந்துவதில்லை. வருந்தவும் வேண்டியதில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிகளுக்கு வழிதிறந்த பின்னரே எங்கள் அம்மம்மாமாருக்குப் பூசையின் சொற்கள் விளங்கின. ஆயினும் அம்மாற்றத்தோடு நாம் கைநழுவ விட்ட ஒன்றுண்டு.

1984ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், பதினாறு வயதில், யாழ்ப்பாணத்துப் பாடகர் குழாம் ஒன்றுடன் கொழும்பு சென்றேன். முந்திய ஆண்டின் ஜூலை வன்செயல்கள் நிகழ்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பெற்றோர் அனுப்பத் தயங்கினர். கொட்டாஞ்சேனையில் சிங்கள இளைஞருடன் சேர்ந்து நாங்கள் பயின்றது, 16ஆம் நூற்றாண்டு உரோமை இசைஞர் பலஸ்திரீனாவின் 'சிக்குத் செர்வுஸ்'. நீரோடையை நாடும் மானைப் பாடும் 42ஆம் திருப்பாடலின் இலத்தீன் வடிவம் அது.

நான்கு குரல்களுக்கான பாடல். ஆண்களின் மேற்குரலான ரெனர் முதலில் தொடங்கும். அதே மெட்டை ஏந்தி அல்ரோ, உச்சக்குரலான சொப்பிரானோ, தாழ்குரலான பேஸ் என ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். இங்கே பின்பாட்டு என்று எதுவுமில்லை. ஒவ்வொரு குரலும் தன் வழியே செல்லும். ஆனால் மற்றையவற்றுக்குச் செவிகொடாதவன் இரண்டு வரிகூடத் தாண்டமாட்டான். என் அருகில் நின்றவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. மூச்செடுக்கும் இடங்களை அவனுடைய தோளின் அசைவைப் பார்த்தே அறிந்தேன்.

இலத்தீன் எங்கள் இருவருக்கும் சொந்தமன்று. ஆகவே எவரும் எவருக்கும் விட்டுக்கொடுக்க நேரவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் மொழியால் பிளவுண்ட நாட்டில் இது சிறிய விடயமன்று. இன்று கொழும்பின் பல பங்குகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என வெவ்வேறு வேளைகளில் பூசை நடைபெறுகிறது. ஒரே கூரையின்கீழ் வழிபடுவோர் ஒருவர் குரலை ஒருவர் கேளாமலே வீடு திரும்புகின்றனர்.

சேர்ந்திசை போரைத் தடுத்துவிடும் என்று கூற வரவில்லை. தடுக்கவில்லை என்பதை 2009 வரை கண்டோம். ஆயினும், தாய்மொழிக்கு இடமளித்த அதே சங்க ஆவணம் பல்குரல் இசையை விலக்கவில்லை என்பதை நம் குருமார் நினைவிற் கொள்ளவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய சனி இரவிலேனும், மும்மொழிப் பாடகரும் ஒன்றாக நின்று இப்பாடலைப் பாடட்டும். ஒத்திகைக்குச் சில மாலைகள் போதும். தன் குரலைத் தாழ்த்தாமலே அடுத்தவன் குரலைக் கேட்கும் பழக்கம் நம் இளைஞருக்கு அங்கேனும் வாய்க்கட்டும்.