செவ்வாய்க்கிழமை ஆட்கள்

ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவது ஒரு நாள் கூத்து. அடுத்த மழைக்குப் போய்ப் பாருங்கள். வேர்க்கட்டை தங்கிய இடத்தில் துளிர்த்திருக்கும். ஆடு மாடு காயைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைத்திருக்கும். அந்த முளையைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஆனால் அதே கரையில், வாரம் தவறாமல், குனிந்து பார்த்துக்கொண்டே நடக்க ஆள் வேண்டும்.

கோவையில் குளத்தில் இறங்க ஆளில்லாமல் இல்லை. 2003இல் சிறுதுளி அமைப்பு வந்தது. 2017இல் பேரூர்ப் பெரியகுளத்தில் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஞாயிறுதோறும் வேலை செய்து பேர் வாங்கியது. சின்னவேடம்பட்டி ஏரியில் கௌசிகா நீர்க்கரங்கள் என்ற குழு இறங்கியது. இவர்கள் உழைப்பில்லாமல் பல கரைகள் இன்று கண்ணில் பட்டிருக்காது. ஆனால் நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பசுமைப் பணிகளில் பெரும்பாலும் மைக் உண்டு, சிறப்பு விருந்தினர் உண்டு, குரூப் போட்டோ நிச்சயம் உண்டு.

"பையனுக்குச் செடின்னா உசுருங்க. மைக் சத்தம் கேட்டா மட்டும் காதைப் பொத்திட்டு உக்காந்துக்குவானுங்க" என்றார் ஓர் அம்மா. பையனுக்கு ஆட்டிசம், இருபது தாண்டியாயிற்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. பிறகு? பல வீடுகளில் டிவியும் செல்போனும்தான்.

சின்னவேடம்பட்டியிலேயே கௌமார மடாலயத்தின் சிறப்புப் பள்ளியும் இருக்கிறது. ஏரியும் பள்ளியும் ஒரே ஊரில் இருப்பதை நினைக்கும்போதெல்லாம், இப்படிப்பட்ட பிள்ளைகளை அந்தக் கரை வேலைக்கு அழைக்க எனக்குக் கை பரபரக்கும்.

வட அயர்லாந்தில் தாரா மக்கானல்டி என்ற ஆட்டிச இளைஞர், பதின்வயதில் எழுதிய இயற்கை நாட்குறிப்புக்கு 2020இல் வெயின்ரைட் பரிசு வாங்கினார். இதைச் சொன்னதும், ஆட்டிசம் என்றாலே அபாரக் கவனம் என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படியில்லை. கையில் சேறு ஒட்டினால் துடித்துப்போகிறவர் உண்டு. ஏடிஎச்டி உள்ள பிள்ளையை விதை பொறுக்க உட்கார வைத்தால் பத்தே நிமிடத்தில் எழுந்துவிடலாம். தண்ணீர்க்குடம் தூக்கச் சொன்னால் கரையையே நாலு சுற்றுச் சுற்றி வருவான். ஆளைப் பார்த்துத்தான் வேலை.

வேலைக்கா பஞ்சம்? காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளுவை வேலி, வெள்வேலமரம், கொழுக்கட்டைப் புல்: கொங்கு மாட்டை வளர்த்த மேய்ச்சல் நிலம் அது. கிளுவைப் போத்தை வரிசை பிசகாமல் நெருக்கி நட்டால்தான் வேலி அடையும். புல்விதையில் பதர் பிரிக்க வேண்டும், நாற்றுப் பைக்கு மண் கலக்க வேண்டும். ஒரே மாதிரி வேலை சிலருக்கு அலுப்பு, சிலருக்கு நிம்மதி.

இவர்களில் பலருக்கு இடமும் நேரமும் மாறக்கூடாது. அடுத்து என்ன செய்வது என்று படம் போட்ட அட்டை வேண்டும், ஒதுங்கி உட்கார நிழல் வேண்டும், பழகிய முகம் ஒன்று வேண்டும். எப்போது முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமைக் காலையில் நாலு பேரோடு தொடங்கலாம்.

சான்றிதழும் சால்வையும் வேண்டாம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்தது. அதற்கு நாற்றங்கால்களில் பை நிரப்ப ஆள் எடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதையே இந்தப் பிள்ளைகளுக்கும் போடட்டும். அந்த அம்மா கேட்டதும் அதைத்தான்: "சம்பளம்னு ஒண்ணு அவன் கையில குடுப்பாங்களாங்க?"